பாதி வரைந்த படம்: செரிமான மண்டலப் படத்திற்கு ஒரு மதிப்புரை

நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம், திரைப்படங்களுக்கும் எழுதுகிறோம். ஆனால் பள்ளிக்கூடத்துப் பக்கம் போன ஒவ்வொருவரும் பார்த்த, பலர் தம் கையாலேயே வரைந்த ஒரு படத்திற்கு மதிப்புரை எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. 'மனிதனின் செரிமான மண்டலம். படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று வினாத்தாளில் வருமே, அந்தப் படத்தைத்தான் சொல்கிறேன். அதற்கு ஒரு மதிப்புரை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஏன் எழுத நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சங்கரன்கோவிலில் அறிவியல் ஆசிரியன். எங்கள் பள்ளிக் கண்காட்சியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இந்தப் படத்தை ஆள் உயரத்திற்கு வரைந்து வைத்திருந்தான். கல்லீரலுக்குக் காவி நிறம், பித்தப்பைக்குப் பச்சை, இரைப்பைக்கு நல்ல சிவப்பு. பார்க்க வந்தவர்களுக்கு ஒரு பாகம்கூடத் தப்பாமல் ஒப்பித்தான். பரிசும் பெற்றான்.

அடுத்த வாரம் இரண்டு நாள் அவனை வகுப்பில் காணோம். மாலையில் வீட்டிற்குப் போய் விசாரித்தேன். அவனுடைய இரண்டு வயதுத் தம்பிக்கு வயிற்றுப்போக்கு. குழந்தை நாக்கு உலர்ந்து, கண் குழி விழுந்து, துவண்டு கிடந்தது. எட்டும் தூரத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. கொடுக்கவில்லை.

"தண்ணி குடுத்தா இன்னும் போவும் சார்வாள். வயிறு காயட்டும்னு போட்டிருக்கோம்" என்றார் ஆச்சி.

"நீ என்னடா சொல்லுத?" என்று மாணவனைக் கேட்டேன்.

"ஆச்சி சொல்லுறது சரிதான சார்? செரிக்காத வயித்துக்கு எதுக்கு சார் தண்ணி?" என்றான்.

சுகாதாரச் செவிலியரை அழைத்து வந்தோம். அவர் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் செய்தார். மறுநாள் குழந்தை எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பையனின் விடை என் மனத்தைவிட்டு அகலவில்லை. முழு மதிப்பெண் வாங்கிய மாணவன் அவன். அவன் வரைந்த படத்தில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. அந்தப் படத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான்.

படத்தின் நிறைகள்

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்வதே முறை. வாய், உணவுக்குழல், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், மலக்குடல், மலவாய் என்ற வரிசையை இந்தப் படம் ஒருபோதும் மறக்காதபடி மனத்தில் பதித்துவிடுகிறது. கல்லீரலும் கணையமும் உணவு செல்லும் பாதையில் இல்லை, பக்கத்தில் இருந்து உதவும் சுரப்பிகள் என்பதையும் காட்டுகிறது. எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், இதைவிடத் தெளிவாக விடை சொல்லும் படம் வேறில்லை.

ஆனால் உணவு உடலில் எப்படிச் சேர்கிறது என்பது இன்னொரு கேள்வி. அங்கேதான் படம் தடுமாறுகிறது. உணவு உடலுக்குப் பயன்பட இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, சோற்றையும் பருப்பையும் எண்ணெயையும் மிகச் சிறிய மூலக்கூறுகளாக உடைப்பது, இது செரித்தல். மற்றொன்று, அந்த மூலக்கூறுகளைக் குடற்சுவரைக் கடத்தி இரத்தத்தில் சேர்ப்பது, இது உட்கவர்தல். படம் முதல் வேலையைத்தான் காட்டுகிறது. இரண்டாவது வேலை பாடத்தில் இரண்டொரு வரிகளில் வந்து போகிறது. படத்தில் அதற்கு இடமே இல்லை.

முதற் குறை: கதாநாயகன் மாறிவிட்டான்

படத்தில் நம் கண் முதலில் போவது இரைப்பைக்கு. அழகிய வளைவு; தெளிவான உருவம். சிறுகுடலோ சிக்குண்ட நூல்கண்டு போலக் கிறுக்கப்பட்டிருக்கும். மாணவர்கள் அதை அவசரமாகச் சுழித்து முடித்துவிடுவார்கள்.

இரைப்பைக்கு இந்தப் பெருமை வந்ததில் வரலாற்றுக்கும் பங்குண்டு. 1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், வட அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் தற்செயலாக வெடித்த துப்பாக்கியால் காயமுற்றார். உயிர் பிழைத்தார், ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவே இல்லை. அவருக்குச் சிகிச்சை செய்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், பட்டு நூலில் இறைச்சித் துண்டுகளைக் கட்டி அத்துளை வழியே உள்ளே விட்டு, அவை எவ்வளவு நேரத்தில் கரைகின்றன என்று பார்த்தார். 1833இல் அவர் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. எட்டிப் பார்க்க வாசல் கிடைத்த உறுப்பு புகழடைந்தது. சிறுகுடலுக்கு அப்படி ஒரு வாசல் கிடைக்கவில்லை.

உண்மையில் இரைப்பை என்ன செய்கிறது? உணவைச் சில மணி நேரம் தேக்கி வைக்கிறது. அமிலத்தில் ஊறவைத்துக் கடைந்து கூழாக்குகிறது. பெப்சின் என்ற நொதியால் புரதத்தை உடைக்கத் தொடங்குகிறது. பிறகு அந்தக் கூழைச் சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்கு விடுகிறது. இவை தேவையான வேலைகள்தாம். ஆனால் நாம் உண்ணும் மாவுப் பொருளும் கொழுப்பும் பெரும்பாலும் செரிப்பது சிறுகுடலில், கணைய நீர், பித்தநீர் ஆகியவற்றின் உதவியால். சத்துகள் இரத்தத்தில் சேர்வதும் ஏறக்குறைய முழுவதுமாகச் சிறுகுடலில்தான்.

இதற்கு ஒரு சான்று. 1897இல் சூரிச் நகர அறுவை மருத்துவர் கார்ல் ஷ்லாட்டர், புற்றுநோய் கண்ட ஒரு பெண்மணியின் இரைப்பையை முழுவதுமாக அகற்றினார். அவர் அதன் பின் ஓராண்டுக்கு மேல் உண்டு வாழ்ந்தார். இன்றும் இரைப்பை நீக்கப்பட்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை உண்டு, வைட்டமின் பி12 ஊசி போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். சிறுகுடலின் பெரும்பகுதியை இழந்தவர்களின் நிலை அப்படியல்ல. அவர்களில் பலருக்குச் சிரை வழியே நேராக இரத்தத்தில் ஊட்டம் செலுத்த வேண்டியிருக்கிறது. கதாநாயகன் யார் என்பது தெளிவு.

இரண்டாவது குறை: அம்புக்குறிகள்

படத்தில் அம்புக்குறி போடச் சொன்னால் மாணவர்கள் வாயிலிருந்து மலவாய் வரை கீழ்நோக்கி மட்டுமே போடுகிறார்கள். அப்படியானால் உணவு உள்ளே வந்து வெளியே போய்விடுகிறது. உடலுக்கு என்ன கிடைத்தது?

சற்று யோசித்துப் பாருங்கள். உணவுப் பாதை இரு முனையும் திறந்த ஒரு குழாய். அதற்குள் இருக்கும் உணவு, சரியாகச் சொன்னால், இன்னும் உடலுக்கு வெளியேதான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பூச்சந்தையில் மல்லிகையை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். இறக்கிவிட்டால் விற்றதாகிவிடுமா? பூ கைமாறினால்தான் வியாபாரம். செரித்தல் என்பது மூட்டையை அவிழ்த்துப் பரப்புவது, உட்கவர்தல்தான் கைமாறுவது.

ஆகவே குழாயிலிருந்து வெளிப்பக்கமாக, இரத்தத்தை நோக்கிச் சில அம்புகள் வேண்டும். குளுக்கோசும் அமினோ அமிலங்களும் இரத்த நுண்குழாய்களில் சேர்ந்து, கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரை வழியே போகின்றன. கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர்க் குழல்களில் நுழைந்து சுற்றுவழியாக இரத்தத்தை அடைகிறது.

எதிர்த் திசையிலும் அம்புகள் வேண்டும். இதுதான் பலரை வியப்பில் ஆழ்த்தும் செய்தி. ஒரு நாளில் நாம் குடிப்பதும் உணவில் வருவதுமாக உள்ளே போகும் நீர் ஏறத்தாழ 2 லிட்டர். ஆனால் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடலே குழாய்க்குள் ஊற்றும் நீர் ஏறத்தாழ 7 லிட்டர்! ஆக 9 லிட்டர் அளவு நீர் குடலுக்கு வருகிறது. மலத்துடன் வெளியேறுவது 100 முதல் 200 மில்லி லிட்டர்தான். மற்றதெல்லாம் சுவர் வழியே திரும்பிவிடுகிறது.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு என்றால் என்ன என்பது உடனே விளங்கும். குழந்தை குடித்த தண்ணீர் மட்டுமா போகிறது? அதன் உடலே ஊற்றிய நீர் திரும்ப முடியாமல் போகிறது. தண்ணீரை நிறுத்தினால் வயிறு காயாது; குழந்தைதான் காய்ந்துபோகும்.

மூன்றாவது குறை: கோடாகிவிட்ட சுவர்

படத்தில் குடற்சுவர் பென்சிலால் போட்ட ஒரு கோடு. ஆனால் வேலை நடப்பதே அந்தச் சுவரில்தான். சிறுகுடலின் உட்சுவர் மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மடிப்புகளின்மேல் ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவான உயரத்தில், கம்பளத்தின் இழைகளைப் போலக் குடல் உறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வோர் உறிஞ்சியையும் போர்த்தியிருக்கும் செல்களின் மேல், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் நுண்ணுறிஞ்சிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இவை எல்லாம் சேர்ந்து பரப்பைப் பெருக்குகின்றன.

எவ்வளவு பெருக்குகின்றன என்பதில் ஒரு திருத்தம் தேவை. குடலின் உட்பரப்பை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு இருக்கும் என்று பல புத்தகங்கள் எழுதிவந்தன. நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 2014இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஹெலாண்டர், ஃபேன்ட்ரிக்ஸ் இருவரும் நுண்ணோக்கியால் அளந்து, அது ஏறத்தாழ 32 சதுர மீட்டர்தான், பாட்மிண்டன் மைதானத்தில் பாதிக்கும் குறைவு, என்று காட்டினர். மைதானம் சுருங்கியதால் வியப்புச் சுருங்க வேண்டியதில்லை. ஒரு வயிற்றுக்குள் ஒரு வீட்டு முற்றம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, போதாதா?

இந்தச் சுவர் செங்கல் சுவரும் அல்ல. அதன் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து, புதியவை முளைக்கின்றன. புதுப்பிக்கும் வேலை குன்றினால் உறிஞ்சிகள் குட்டையாகி மழுங்கிப்போகும். இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு துயர வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் 'வெப்பமண்டல ஸ்புரூ' என்ற நோய் கொள்ளை நோயாகப் பரவியது. நாள்பட்ட வயிற்றுப்போக்கு, மெலிவு, இரத்தசோகை, உயிரிழந்தவர்கள் பலர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் முதலிய மருத்துவர்கள் இந்நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். நோயாளிகளின் குடற்சுவரே பழுதுபட்டிருந்தது. கொழுப்பும் வைட்டமின்களும் சுவரைக் கடக்கவில்லை. உண்டார்கள்; ஆனால் உண்டது உடலில் ஒட்டவில்லை. நம் படத்தை வைத்துக்கொண்டு இந்நோயை விளக்க முயன்று பாருங்கள். எந்தப் பாகத்தைச் சுட்டுவது?

நான்காவது குறை: 'உறிஞ்சுதல்' என்ற சொல்

படத்தின் அடியில் 'சிறுகுடல்: சத்துகளை உறிஞ்சுகிறது' என்று எழுதுகிறோம். துணி தண்ணீரை உறிஞ்சுவதைப் போல என்று மாணவன் எண்ணிக்கொள்கிறான். குடற்சுவர் துணியல்ல, வாசல்கள் வைத்த மதில். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு விதி உண்டு.

குளுக்கோஸ் நுழையும் வாசலைப் பாருங்கள். அது தனியே நுழைவதில்லை. சோடியம் கூட வந்தால்தான் வாசல் திறக்கும். ஒரு குளுக்கோசுக்கு இரண்டு சோடியம் அயனிகள் என்பது கணக்கு. இவை உள்ளே போனதும் நீரும் பின்தொடர்ந்து போகிறது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழைகின்றன என்ற இக்கருத்தை 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த மாநாட்டில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலார் வெளியிட்டார்.

காலரா நஞ்சு குடலை நீர் கொட்டச் செய்கிறது. ஆனால் இந்த வாசலை அது பூட்டுவதில்லை. அந்த ஒரு வாசல்தான் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த வழி. 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் இருவரும் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் காலரா நோயாளிகளுக்குச் செலுத்தும் ஊசிவழி நீரின் தேவையைப் பெரிதும் குறைத்துக் காட்டினர். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சிரைவழி ஏற்றும் உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துபோகும் நிலை. மருத்துவர் திலீப் மகாலனபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் கலந்து பொட்டலங்கள் ஆக்கினார்; நீரில் கரைத்து, நோயாளிகளின் தாய்மார்களையும் உறவினர்களையும் கொண்டே புகட்டச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவப் படிப்பு இல்லாதவர்கள் குவளையும் கரண்டியும் கொண்டு சாதித்த செயல் இது. 2022இல் அவர் மறைந்தார்; அடுத்த ஆண்டு இந்திய அரசு பத்ம விபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது.

மற்ற வாசல்களுக்கும் விதிகள் உண்டு. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் நுழையாது. சாப்பாட்டுடன் எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ள பொருள் சேர்ந்தால் கூடுதலாக நுழையும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். முருங்கைக்கீரையில் உள்ள கரோட்டின் நுழையச் சிறிது எண்ணெய் வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. காரணங்கள் பல என்றாலும், 'என்ன சாப்பிட்டோம்' என்பதோடு 'எவ்வளவு உள்ளே போயிற்று' என்றும் கேட்கப் பழக வேண்டாமா?

ஐந்தாவது குறை: பெருங்குடல் சாக்கடையா?

படத்தில் பெருங்குடல் கழிவு சேரும் இடம். மீதி நீரை உறிஞ்சும் இடம். அவ்வளவே. ஆனால் அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிவந்த மாவுப்பொருளையும் நார்ப்பொருளையும் அவை நொதிக்கச் செய்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடற் சுவர் இவற்றைக் கவரும்போது சோடியமும் நீரும் சேர்ந்து போகின்றன.

இந்த உண்மையைச் சிகிச்சைக்குப் பயன்படுத்திப் பார்த்ததும் வேலூரில்தான். பி. எஸ். ராமகிருஷ்ணாவும் உடனிருந்த ஆய்வாளர்களும், எளிதில் செரிக்காத மாவை உப்புச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தனர். வழக்கமான கரைசல் மட்டும் குடித்தவர்களைவிட இவர்களுக்கு நீரிழப்புக் குறைந்தது. பேதியும் விரைவில் நின்றது. 2000ஆம் ஆண்டு இம்முடிவு வெளியாயிற்று. படம் சாக்கடையாக ஒதுக்கிய உறுப்பும் நோயாளிக்கு நீர் மீட்டுத் தருகிறது.

எப்படித் திருத்தலாம்?

'எட்டாம் வகுப்புப் பையனுக்கு இவ்வளவும் வேண்டுமா?' என்று சக ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாசல்களின் வேதியியல் அவனுக்கு வேண்டாம்தான். நான் கேட்பது மூன்றே திருத்தங்கள். ஒன்று, சிறுகுடலிலிருந்து இரத்தத்தை நோக்கிச் சில சிவப்பு அம்புகள். இரண்டு, சுரப்பிகளிலிருந்தும் சுவரிலிருந்தும் குழாய்க்குள் சில நீல அம்புகள்; பக்கத்தில் '7 லிட்டர்' என்ற எண். மூன்று, ஓரத்தில் ஒரு வட்டம். அதில் உறிஞ்சி ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டும் சிறு படம். இரைப்பையைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் தானே கிடைக்கும்.

வினாவையும் மாற்ற வேண்டும். 'பாகங்களைக் குறி' என்பதோடு, 'வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு வெறும் தண்ணீரைவிட உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் சிறந்தது ஏன்?' என்றும் கேட்போம். அந்த விடை தேர்வறையோடு நிற்காது, வீட்டிற்குப் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் இறக்கின்றனர்.

விடையையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் கரைக்க வேண்டும். கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அளவு மீறக் கூடாது. சர்க்கரை கூடினால் அது நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கும். பாட்டில் குளிர்பானங்கள் உதவாததற்கு அதுவே காரணம். உப்புக் கூடினாலும் ஆபத்து. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது. குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

அந்த மாணவனின் படம் இன்னும் எங்கள் ஆய்வகச் சுவரில் தொங்குகிறது. அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை, அழகான படம். சிவப்பு, நீலம் இரண்டு பென்சில்களை மட்டும் அவன் கையில் கொடுத்தேன். அம்புகளை அவனே போட்டுவிட்டு, "இதை ஆச்சிக்கும் ஒண்ணு வரைஞ்சு காட்டணும் சார்" என்றான். இதைப் படிக்கும் மாணவர்களும் தங்கள் குறிப்பேட்டில் உள்ள படத்தை எடுத்துப் பாருங்கள். விடுபட்ட பாதியை வரைந்து, வீட்டில் உள்ளவர்களுக்குக் காட்டுங்கள்.